கண்ணை மூடினால் பங்கர் வருகிறது: பௌத்தத் தியானத்தை எங்கே தொடங்குவது?

குளத்தடி, கிளிநொச்சி (ஞாயிறு, இரவு 9.10)

எல்லாருக்கும் வணக்கம். நீண்ட நாளாக இந்தக் கருத்துக்களத்தை வாசித்துவிட்டுப் போகிற ஆள், இன்றுதான் எழுதுகிறேன்.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிற வேலை. 2009இல் எனக்குப் பதினேழு வயது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். கொஞ்சக் காலமாக விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, பிறகு நித்திரை இல்லை. கொழும்பில் இருக்கிற மச்சாள் ஒரு காணொளி அனுப்பினாள். பௌத்தத் தியானம், ஆரம்பப் பாடம், பத்து நிமிடம். 'கண்ணை மூடுங்கள், நீங்கள் பாதுகாப்பாக உணர்ந்த ஓர் இடத்தை நினையுங்கள்' என்று ஒரு குரல் இதமாகச் சொன்னது. மூடினேன். மனம் நேரே போய் நின்றது பங்கருக்குள், சண்டைக் காலத்துப் பதுங்குகுழிக்குள். மேலே தென்னங்குற்றி, அதற்கு மேல் மண்மூடை. மூடை எல்லாம் சேலையில் தைத்தது. அதில் ஒன்று அம்மாவின் கூறைச்சேலை, சரிகைக் கரை வெளியே தெரிய அடுக்கியிருந்தோம். பாதுகாப்பாக உணர்ந்த இடம் என்றால் பொய்யில்லை, அதுதான். ஆனால் அதன் பிறகு நெஞ்சு அடித்த அடியில் போனைத் தூக்கி எறியாத குறை.

இரண்டு கேள்வி. இப்படிப்பட்ட ஆளுக்குத் தியானம் சரிவருமா, வரும் என்றால் எங்கே தொடங்குவது? மற்றது, அம்மா வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு வருடமும் தவறாதவர். பௌத்தம் என்ற சொல் வீட்டுக்குள் வந்தாலே முகம் மாறும். அவருக்கு என்ன சொல்வது?

முறிகண்டிக் கச்சான், மாங்குளம் (ஞாயிறு, இரவு 9.25)

முதல்ல நல்ல நுளம்புத்திரி ஒரு பெட்டி வாங்குங்கோ. மிச்சத்தைப் பெரியாக்கள் வந்து சொல்லுவினம்.

காட்டுப்பாலை, முல்லைத்தீவு (ஞாயிறு, இரவு 10.40)

கோபிக்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மலையைக் கண்டால் விகாரை, அரசமரத்தைக் கண்டால் வேலி. தன் வயலுக்குப் போக வழி கேட்டு அலைகிற சனம் இருக்கிற இடத்தில், அதே மதத்தின் தியானத்தைப் போய்ப் படிக்கத்தான் வேண்டுமா? எங்களிடம் இல்லாததா? திருமூலர் மூச்சைப் பற்றிப் பாடாததா?

மல்லாவி மாஸ்டர் (திங்கள், காலை 5.50)

தம்பி காட்டுப்பாலை, வயல் விஷயத்தில் உம்மோடு எனக்கு வழக்கில்லை. திருமந்திரத்தோடும் இல்லை, விரும்புகிறவர் அதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் பௌத்தத் தியானம் என்றதும் தெற்கிலிருந்து லொறியில் ஏற்றி வந்து இறக்கிய சாமான் போல நினைக்கிறோமே, அங்கேதான் நான் தகராறு பண்ணுவேன்.

மணிமேகலை யாருடைய மொழியில் இருக்கிறது? மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு, அமுதசுரபியோடு திரும்பி, கடைசியில் காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்டவள் அவள். அது காப்பியம், போகட்டும். இலங்கை, பர்மா போன்ற தேரவாத பௌத்த நாடுகளில் இன்றைக்கும் தியானத்துக்குக் கைநூல் என்றால் விசுத்திமக்கம். 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதியது. அந்த மனிதர் தாம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை ஓர் உரைநூலின் முடிவில் தாமே சொல்கிறார். அவர் காலத்தவராகச் சொல்லப்படும் புத்ததத்தர் சோழநாட்டுக்காரர், காவிரிப்பூம்பட்டினத்து விகாரை ஒன்றில் இருந்து அபிதம்மாவதாரம் என்ற பௌத்த நூலை எழுதியவர். எங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் கிடந்த பொருள் ஐயா இது. அடுத்த வீட்டுக்காரன் அதை வாசலில் வைத்துக் கொடி கட்டுகிறான் என்பதற்காக எங்களுடையது இல்லை என்று எழுதிக் கொடுக்க நான் தயாரில்லை.

இப்போது பிள்ளை குளத்தடிக்கு. புத்தர் மூச்சுத் தியானம் சொல்லிக்கொடுத்த ஆனாபானசதி சுத்தம் (சுத்தம் என்றால் பாளியில் புத்தரின் உரை) எப்படித் தொடங்குகிறது தெரியுமா? காட்டுக்குப் போ, இல்லாவிட்டால் ஒரு மரத்தடிக்கு, இல்லாவிட்டால் ஆளில்லாத வீட்டுக்குப் போய் உட்கார் என்று. மூன்றுக்கும் வன்னியில் பஞ்சமில்லை. பிறகு 16 படி வருகிறது. முதலாவது, மூச்சு நீளமாகப் போனால் நீளம் என்று அறிவது. இரண்டாவது, குட்டையாகப் போனால் குட்டை என்று அறிவது. மாற்றச் சொல்லவில்லை, அறியத்தான் சொல்கிறது.

விசுத்திமக்கத்தில் மூச்சை எண்ணுகிற பகுதியைப் படித்தால் யாரோ கமக்காரன் அருகில் இருந்து சொல்லிக்கொடுத்தது போல இருக்கும். முதலில் நெல் அளக்கிறவன் போல எண்ணு என்கிறது. மரக்காலை நிரப்பி 'ஒன்று' என்று கொட்டுகிறான். அடுத்ததை நிரப்பும்போது கண்ணில் பட்ட குப்பையைப் பொறுக்கி எறிந்தபடி 'ஒன்று, ஒன்று' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவசரம் இல்லை. மூச்சின் போக்குப் பழகிய பிறகு மாடு எண்ணுகிறவன் போல எண்ணு என்கிறது. அவன் விடியவே மடியில் சின்னக் கல்லுகளோடு பட்டிக்குப் போய், படலைத் தடியில் குந்தியிருந்து, வாசலுக்கு வந்த மாட்டை மட்டும் எண்ணிக் கல்லைப் போடுகிறான். உள்ளே நிற்கிறதை எண்ண மாட்டான், வெளியே போனதைத் துரத்த மாட்டான். மூக்கு நுனிதான் வாசல். ஐந்துக்குக் குறைய நிறுத்தாதே, பத்தைத் தாண்டாதே என்பது கணக்கு. ஐந்துக்குள் சுருக்கினால் நெருக்கமான பட்டியில் அடைத்த மாடு போல மனம் முட்டும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு இலக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் அப்பு நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று வாய் திறக்க மாட்டார், 'லாபம்' என்றுதான் தொடங்குவார். நானும் அப்படியே. முதல் மூச்சு லாபம், பிறகு இரண்டு, மூன்று.

வெள்ளைச் சப்பாத்து, வவுனியா (திங்கள், பிற்பகல் 2.15)

நான் தாதி. இரவு வேலை முடித்து இப்போதுதான் எழும்பினேன்.

மாஸ்டர் சொன்னது வடிவு. ஆனால் குளத்தடிக்கு மூச்சு இப்போதைக்கு வேண்டாம். பங்கருக்குள் இருந்த காலத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் சத்தம் கேட்டிருப்பீர்கள். அந்த உடம்பிடம் போய் 'மூச்சைக் கவனி' என்றால் அது பழைய வேலையையே தொடங்கும். உங்களில் பிழை இல்லை. தியானம் எல்லாருக்கும் அமைதிதான் தரும் என்பது சரியில்லை. பெரிய அதிர்ச்சியைக் கண்டவர்கள் கண்ணை மூடி உள்ளே பார்க்கும்போது நினைவுகள் வெள்ளமாக வருவதும், பதற்றம் கூடுவதும் தெரிந்த விஷயம்.

ஆகவே மாற்றிச் செய்யுங்கள். பகல் நேரம். கண் திறந்திருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுவர், எதிரே திறந்த கதவு. கதிரையில் இருங்கள், வெறும் பாதம் நிலத்தில். சீமெந்தின் குளிர், மணல் துணிக்கை, குதிக்கால் அழுத்துகிற இடம், இவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. மனம் ஓடினால் திரும்பப் பாதத்துக்கு. மூன்று நிமிடம் போதும், நான்காவது வேண்டாம். இதை நான் பௌத்தத்துக்கு வெளியே இருந்து கொண்டுவரவில்லை. சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் உரையிலேயே நடக்கும்போது நடக்கிறேன் என்றும், நிற்கும்போது நிற்கிறேன் என்றும் அறிவது ஒரு பயிற்சி. மூச்சு அதில் ஒரு வாசல் மட்டும்.

கை நடுங்கினால், இருக்கிற இடம் மறந்து போனால், உடனே எழும்பி முகம் கழுவிவிட்டு யாரோடாவது கதையுங்கள். அது தோல்வி இல்லை. இரண்டு மூன்று தரம் அப்படி வந்தால் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில் காட்டுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற இலக்கத்துக்கு அடிக்கலாம், தேசிய உளநல உதவிச் சேவை. குளிசை ஏதும் எடுப்பவராக இருந்தால், தியானம் தொடங்கிவிட்டேன் என்று அதை நிறுத்த வேண்டாம். இதை மூன்று தரம் எழுத வேண்டும் போல இருக்கிறது.

இடதுகால், புதுக்குடியிருப்பு (திங்கள், இரவு 8.05)

அக்கா சொன்னது அவ்வளவும் சரி. என் அனுபவத்தையும் போடுகிறேன்.

எனக்கு இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சம்மணம் கொட்டி இருக்கிற படங்களைப் பார்த்து, இது எங்களுக்குரியது இல்லை என்று பல வருடம் விட்டுவிட்டேன். பிறகு அநுராதபுரத்தில் இருக்கிற தம்ம அனுராதாவில் பத்து நாள் பாடநெறிக்குப் போனேன். கோயங்கா மரபு. அவர் பர்மாவில் பிறந்த இந்தியர், ஊ பா கின் என்ற அரசாங்க அலுவலரிடம் கற்று 1969இலிருந்து இந்தியாவில் சொல்லிக்கொடுத்தவர். காசு வாங்க மாட்டார்கள். முடித்த பிறகு விரும்பினால் கொடுக்கலாம். விடிய நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். போன் இல்லை, புத்தகம் பேனை இல்லை, பக்கத்தில் இருப்பவரோடு கதையும் இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்குத் தேத்தண்ணியும் பழமும், அதோடு சாப்பாடு சரி. கோயங்காவின் உரைகளுக்குத் தமிழ்ப் பதிவு உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். மதம் மாறச் சொல்லவில்லை. அந்தப் பத்து நாளைக்கு மட்டும் சொந்த வழிபாட்டை ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள். எனக்கு விபூதி இல்லாமல் நெற்றி நிர்வாணமாக இருந்தது போல இருந்தது.

முதல் மூன்று நாளும் மூக்கு வாசலில் மூச்சு. நாலாம் நாள் விபஸ்ஸனா. உச்சந்தலையில் தொடங்கி உடம்பு முழுக்க, பாகம் பாகமாக, என்ன உணர்ச்சி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இறங்க வேண்டும். நான் பின்வரிசையில் கதிரையில் இருந்தேன், பொய்க்கால் கழற்றிப் பக்கத்தில் சாய்த்திருந்தது. தோள், வயிறு, தொடை, முழங்கால். அதற்குக் கீழே போக வேண்டாம் என்று நினைத்திருந்தேன். கவனம் தானாகப் போய்விட்டது. இல்லாத பெருவிரல் கடித்தது. நுளம்பு கடித்த கடி, அச்சொட்டாக அதே கடி. சொறியக் குனிந்த கை வெறும் காற்றில் நின்றது. பக்கத்தில் சாய்த்து வைத்த பொய்க்கால் விரலில்லாத சப்பாத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது, சத்தம் போடவும் முடியாது.

மத்தியானம் ஆசிரியரிடம் கேட்டேன், இல்லாத காலை என்ன செய்வது என்று. இருக்கிறதா இல்லையா என்று விசாரிக்க வேண்டாம், கடி வருகிறதா, கூடுகிறதா, போகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார். அடுத்த இருப்பில் பார்த்தேன். வந்தது, கூடியது, போனது. பதினைந்து வருடமாக அந்த விரலோடு சண்டை பிடித்தவன் நான். போகும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் குளத்தடி, நீங்கள் இப்போது அங்கே போக வேண்டாம். நான் போனது ஊரில் இரண்டு வருடம் சின்னச் சின்னதாகச் செய்து பார்த்த பிறகு. விண்ணப்பத்தில் உளநலம் பற்றிக் கேட்பார்கள், ஒளிக்காமல் எழுதுங்கள். ஐந்தாம் நாள் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் தாங்க முடியாமல் வீட்டுக்குப் போனார்.

காட்டுப்பாலை தம்பிக்கு: மற்றப் பக்கத்துக் கதிரைக்காரர் சிங்களவர். முன்பு என்ன வேலை செய்தவர் என்று நான் கேட்கவில்லை. என் கால் எங்கே போனது என்று அவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான், அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை.

குளத்தடி (ஒன்பது நாளின் பின், இரவு 9.30)

நன்றி சொல்லச் சொற்கள் இல்லை. அக்கா சொன்ன மாதிரி மூன்று நிமிடம், பின்னேரம் வேலையால் வந்து, விறாந்தையில். முதல் இரண்டு நாள் பாதம் இருப்பதே தெரியவில்லை. மூன்றாம் நாள் வலது குதிக்காலில் வெடிப்பு இருப்பது தெரிந்தது. ஒரு வருடமாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் இருக்கும்போது பக்கத்து வயலில் ஆனைவெடி போட்டார்கள். நிலத்தில் விழுந்து படுத்துவிட்டேன், யோசித்துச் செய்ததில்லை. எழும்பியபோது கன்னம் சீமெந்தில், வாய்க்குள் மண். வெட்கமாக இருந்தது. பிறகு ஒன்றைக் கவனித்தேன். வழக்கமாக இப்படி நடந்தால் இரவு முழுக்க நெஞ்சு இடிக்கும். அன்றைக்கு எழும்பிக் காலை நிலத்தில் ஊன்றினேன், குளிர் தெரிந்தது, தேத்தண்ணி குடித்து முடிய இடிப்பு நின்றுவிட்டது. இது தியானமா தேத்தண்ணியா என்று தெரியாது.

இன்னொரு பிரச்சினை. இப்போது இருந்த உடனே நித்திரை தூக்குகிறது. இரவில் வராதது பின்னேரத்தில் வருகிறது.

முறிகண்டிக் கச்சான் (அதே இரவு, 9.41)

அது வரம். நித்திரை வந்தா படுங்கோ, தியானம் எங்க ஓடப்போகுது.

மல்லாவி மாஸ்டர் (மறுநாள், காலை 6.00)

கச்சான் பகிடியாகச் சொன்னாலும் புத்தரே அதைத்தான் கடைசியில் சொல்லியிருக்கிறார். மொக்கல்லானர் பெரிய சீடர், அவரே ஒருநாள் தூங்கி விழுந்தார். புத்தர் வரிசையாகச் சொல்கிறார்: முன்பு கேட்ட அறத்தை நினை, வாய்விட்டுச் சொல், இரண்டு காதையும் இழு, கையைக் காலைத் தேய், எழும்பி முகத்தில் தண்ணீர் அடித்து வெள்ளிகளைப் பார், உலாவு. இத்தனைக்கும் போகாவிட்டால் வலப்பக்கம் சரிந்து படு என்கிறார். அநுபவசாலியின் பேச்சு.

பிள்ளை, இருக்கிறதை விட்டு நடையாக மாற்றிப் பாரும். பர்மாவின் மகாசி சயாதோ என்ற பிக்குவின் மரபில் காலைத் தூக்குதல், நகர்த்தல், வைத்தல் என்று மெல்ல மனத்துக்குள் குறித்துக்கொண்டு நடப்பார்கள். நிலத்தைப் பார்த்து நடக்க வன்னிச் சனத்துக்கு யாரும் பழக்கத் தேவையில்லை. மிதிவெடிக் காலத்தில் போதியளவு பழகிவிட்டோம்.

காட்டுப்பாலை (அதே நாள், இரவு 7.20)

நான் இன்னும் இழையை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு கேள்வி, இது நக்கல் இல்லை. மைத்திரி என்று ஒன்று சொல்கிறார்களே, எல்லாரும் சுகமாக இருக்கட்டும் என்று. அது ஆமிக்காரனுக்கும் சேர்த்தா?

மல்லாவி மாஸ்டர் (அதே நாள், இரவு 8.45)

கடைசியில் சேர்த்துத்தான். ஆனால் தொடக்கத்தில் இல்லை. விசுத்திமக்கம் இதில் கெட்டித்தனமான நூல். பகைவனில் தொடங்காதே என்கிறது. முதலில் தன்னில் தொடங்கி, பிறகு மதிப்புக்குரிய ஒருவர், பிரியமானவர், விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவர், அதற்குப் பிறகே பகைவன். அங்கே கோபம் வந்தால் திரும்பி முதல் ஆட்களிடமே போய் மனத்தை ஈரமாக்கிக்கொண்டு வரச் சொல்கிறது. இறந்தவரை நினைத்து மட்டும் செய்யவே கூடாது என்கிறது. ஓர் இளம் பிக்கு தன் குருவை நினைத்து மைத்திரி செய்தாராம், ஏறவே இல்லையாம். விசாரித்துப் பார்த்தால் குரு இறந்துவிட்டிருந்தாராம்.

குளத்தடி (அதே நாள், இரவு 11.50)

மாஸ்டர், நான் நேற்றிலிருந்து அண்ணாவை நினைத்து அதைச் செய்துகொண்டிருக்கிறேன். 'சுகமாக இருக்க வேண்டும்' என்று மட்டும். அண்ணாவைக் கடைசியாகக் கண்டது வட்டுவாகல் பாலத்தடியில். 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டப் பந்தல் போட்டபோது அம்மா அவரின் படத்தோடு போய் இருந்தவர். இன்றைக்கு எனக்கு அது ஏறவில்லை. உங்கள் பதிவை வாசித்த பிறகு ஏறவில்லை.

மல்லாவி மாஸ்டர் (மறுநாள், காலை 4.30)

பிள்ளை, என்னை மன்னித்துக்கொள்ளும். புத்தகத்தில் கிடந்ததை யாருக்கு எழுதுகிறேன் என்று பாராமல் எழுதிவிட்டேன். இரவு நித்திரை இல்லை.

அந்த விதி ஜானம் என்கிற ஆழ்ந்த ஒருமுகத்தை எட்டப் பார்க்கிற துறவிக்குச் சொன்னது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அறிகிற கருவி அல்ல. உமக்கு நேற்று ஏறாததற்குக் காரணம் என் பதிவு, வேறு ஒன்றும் இல்லை. அண்ணாவை நினைப்பதை நிறுத்த எந்த நூலும் உமக்குச் சொல்ல முடியாது. பயிற்சிக்கு மட்டும் வேறு ஓர் ஆளை வைத்துக்கொள்ளும். கச்சானை வைத்தாலும் சரி.

வெள்ளைச் சப்பாத்து (அதே நாள், காலை 7.10)

குளத்தடி, உங்களுக்குத் தனியாகச் செய்தி போட்டிருக்கிறேன், பாருங்கள். கொஞ்ச நாளைக்கு மைத்திரியை விட்டுவிட்டுப் பாதத்தோடு மட்டும் இருங்கள்.

முறிகண்டிக் கச்சான் (அதே நாள், காலை 7.30)

என்னை வச்சுச் செய்யுங்கோ தங்கச்சி. ஆள் உயிரோடதான் இருக்கிறன், வேணுமெண்டா கடைக்கு வந்து பாருங்கோ. கச்சான் இலவசம்.

காட்டுப்பாலை (அதே நாள், இரவு 9.00)

குளத்தடி, என் சித்தப்பாவும் அப்படித்தான். வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

இடதுகால் (அதே நாள், இரவு 9.40)

கம்போடியாவில் மகா கோசானந்தர் என்று ஒரு பிக்கு இருந்தார். கெமர் ரூஜ் என்ற கொடூர ஆட்சிக் காலத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். 1992இல் தாய்லாந்து எல்லை முகாம்களில் இருந்த அகதிகளோடு புனோம் பென் வரை நடந்தார், மிதிவெடி கிடந்த நாட்டுக்குள்ளே. என்னை மாதிரி ஆட்களுக்கு அது வெறும் நடை இல்லை என்று விளங்கும். காட்டுப்பாலை, உங்கள் கேள்விக்கு இது பதில் இல்லை. அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன் என்று மட்டும் சொல்கிறேன்.

குளத்தடி (மூன்று வாரத்தின் பின், பின்னேரம் 6.15)

இடையில் எழுதாததற்கு மன்னிக்கவும். அக்காவோடு கதைத்தேன், உளநலப் பிரிவுக்கும் போனேன், மாதம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மணி முழிப்பு இன்னும் இருக்கிறது. வாரத்தில் ஏழு நாள் வந்தது, இப்போது நான்கு, ஐந்து. மூச்சுப் பக்கம் இன்னும் போகவில்லை, மாஸ்டரின் மாடுகள் பட்டிக்குள்ளேயே நிற்கட்டும்.

பின்னேரத்தில் முற்றத்தில் வேப்பமரத்திலிருந்து கிணற்றடி வரை வெறுங்காலோடு நடக்கிறேன். போன கிழமை அம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'என்ன பிள்ளை, அம்மாளாச்சிக்கு நேர்த்தியா?' என்று கேட்டார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. 'எத்தனை சுற்று?' என்றார். எண்ணவில்லை என்றேன். 'எண்ணாமல் என்ன நேர்த்தி' என்று ஏசிவிட்டு, நான் நடக்கிற வழியில் கிடந்த நெருஞ்சி முள்ளை எல்லாம் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினார். இப்போது ஒவ்வொரு நாளும் நான் வருமுன் கூட்டி வைத்திருக்கிறார்.

ஒரு சின்னக் கேள்வி. மாரி மழை தொடங்கிவிட்டது, முற்றம் முழுக்கச் சேறு. விறாந்தை சுவரிலிருந்து சுவர் வரை பதினொரு அடிதான் வருகிறது. நடைத் தியானத்துக்கு அது போதுமா?

இடதுகால் (அதே நாள், இரவு 7.50)

எனக்கு ஏழு. திரும்புகிற இடத்தில் கொஞ்சம் நின்று திரும்புங்கள், தலை சுற்றாது.